மேல்வீட்டுத் தரை, கீழ்வீட்டுக் கூரை

தலைக்கு மேலே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டதும் மூத்தவளின் கால் தையல் இயந்திரத்தின் மிதியிலிருந்து தானாக எழுந்துவிட்டது. முதலில் ஒரு நாற்காலி. பிறகு இன்னொன்று. அப்புறம் டீ கோப்பைகள், அப்புறம் சிரிப்பு. சாயங்காலம் ஆனால் போதும், மேல்வீட்டில் கச்சேரி ஆரம்பித்துவிடும். "சிரிக்கட்டும், நல்லா சிரிக்கட்டும்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஊசியில் நூல் கோர்க்கப் பார்த்தாள். நூல் ஊசியின் காதை விட்டுவிட்டு எங்கெங்கோ போனது.

வீடு ஒன்று, குடும்பம் இரண்டு. அண்ணன் பஸ் டிரைவர், மூத்தவளின் கணவர். அவருக்குக் கீழ்வீடு. தம்பி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவன், அவனுக்கும் மனைவி இளையவளுக்கும் மேல்வீடு. மேல்வீட்டின் பின்பாதியில்தான் அறைகள். முன்பாதி திறந்த மாடி. அந்த மாடிக்கு நேர் கீழே, தெருவைப் பார்த்தபடி, மூத்தவளின் தையல் அறை. ஆக, இளையவள் எதன்மேல் நாற்காலி போட்டுக் காற்று வாங்குகிறாளோ, அதுதான் மூத்தவளின் தலைக்கு மேலிருக்கும் கூரை.

பாகம் பிரித்த அன்று, "கீழ்வீடு எனக்குத்தான்" என்று முந்திக்கொண்டு கேட்டு வாங்கியவள் இதே மூத்தவள். தைக்க வருகிறவர்கள் படியேற வேண்டாம், தெருக்கதவு கைக்கெட்டும் தூரத்தில், துணி வெட்டப் பெரிய மேசை போட இடம் என்று அப்போது அவளுக்கு ஆயிரம் கணக்கு. மேலே வெயிலில் வெந்துகொண்டிருந்த வெறும் சிமெண்டுத் தரையை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இளையவள் வந்தாள். பூந்தொட்டி வைத்தாள், சுவரோரம் கொடி ஏற்றினாள், இரண்டு இரும்பு நாற்காலி போட்டாள். அவ்வளவுதான். தானே கேட்டு வாங்கியதை யாரோ தன் தலையில் கட்டிவிட்டதாக அன்றிலிருந்து மூத்தவள் நினைக்கத் தொடங்கினாள்.

போதாததற்கு வாடிக்கைக்காரிகள் வேறு. ஒரு நாள் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் கவுனுக்கு அளவு கொடுக்க வந்தவள், உள்ளே நுழையாமல் வாசலிலேயே அண்ணாந்து நின்றுவிட்டாள்.

"அக்கா, மேல ரோஜா என்னமா பூத்திருக்கு! நீங்க வெச்சதா?"

"எனக்கு ஏதும்மா அதுக்கெல்லாம் நேரம்? வேலை வெட்டி இல்லாதவங்க வெக்கிறது."

"கொடுத்து வெச்சவங்க. தினம் அங்க உக்காந்து டீ குடிக்கலாம்."

மூத்தவள் அளவு நாடாவை எடுத்தாள். அந்தப் பெண்ணின் கவுனுக்கு இடுப்பு அளவு ஒரு விரல் குறைவாகவே விழுந்தது.

மாடித் தண்ணீர் இறங்குவதற்கு ஒரு குழாய் இருந்தது. மேலே மூலையில் ஒரு துவாரம். அங்கிருந்து சுவரோடு இறங்கி, மூத்தவளின் வாசலுக்குப் பக்கத்தில் வாய் திறந்திருக்கும். இளையவள் தொட்டிகளுக்கு ஊற்றும் தண்ணீர் மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்து அங்கே கொட்டும். வாசல் சேறாகும். வருகிறவர்களின் செருப்பில் தெறிக்கும்.

"உங்க தம்பி பொண்டாட்டி என் வாசல்ல சேறு கொட்டுறா. கேக்க மாட்டீங்களா?" என்று கணவரிடம் கேட்டாள்.

டிரைவர் எதையும் பெரிதுபடுத்தத் தெரியாத மனிதர். "குழாய்க்குக் கீழ ஒரு கல்லைப் போட்டு, ஒரு வாய்க்கால் வெட்டி விட்டா போச்சு. ஞாயித்துக்கிழமை பண்ணித் தர்றேன்" என்றார்.

மூத்தவளுக்குக் கல் வேண்டியிருக்கவில்லை. மேலே அந்தத் தொட்டிகள் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கவும் முடியவில்லை. பள்ளிக்கூடச் சீருடைக்கு வந்திருந்த நீலக் கட்டம் போட்ட துணியில் வெட்டு மிச்சம் கூடை நிறையக் கிடந்தது. ஒரு மத்தியானம், தெருவில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, அதை எடுத்துக் குழாயின் கீழ்வாயில் திணித்தாள். துடைப்பக் கட்டையால் குத்திக் குத்தி உள்ளே ஏற்றினாள். இனி உன் சேறு உன்னோடு இருக்கட்டும் என்று கையைத் தட்டிக்கொண்டாள். மறுநாளிலிருந்து வாசல் காய்ந்து கிடந்தது. டிரைவரும் கல் போடும் வேலையை மறந்தார், மூத்தவளும் திணித்த துணியை மறந்தாள்.

மழைக்காலம் வந்தது. ஒரு காலையில் தையல் அறையின் விட்டத்தைப் பார்த்தவள் திடுக்கிட்டாள். இயந்திரத்துக்கு நேர் மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரத் திட்டு. அவள் உயிரைக் கொடுத்துச் சேர்த்த அறை அது. இயந்திரம், மேசை, அலமாரி நிறைய அடுத்தவர்களின் துணி, எல்லாம் அதற்குள்தான். ஆனால் அந்தப் பயம் அடங்கும் முன்பே உள்ளே ஒரு சந்தோஷம் குபுகுபுவென்று பொங்கி வந்தது.

"மாட்டினியா! இருக்கு உனக்கு."

கணவரிடம் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவர் மாடிப்படியில் நின்று, "டேய், கீழ ஈரம் காட்டுது, என்னன்னு பாரு" என்பார். தம்பி ஒரு நாள் லீவு போட்டுச் சரிசெய்துவிடுவான். விஷயம் அதோடு முடிந்துவிடும். ரோஜா அப்படியே இருக்கும், நாற்காலி அப்படியே இருக்கும், சிரிப்பும் அப்படியே இருக்கும். உள்ளங்கை அகல ஈரத்தை வைத்துக்கொண்டு யாரிடம் போய் நியாயம் கேட்பது? அது வளர வேண்டும்.

நியாயம் சொல்ல ஒருவர் இருந்தார். சகோதரர் இருவருக்கும் மூத்த அக்கா. பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பிகள் அவருக்கு முன்னால் அக்கா என்பார்கள், பின்னால் வார்டன் என்பார்கள். வருடத்துக்கு ஒரு முறை, மழை ஓயும் சமயம், வந்து தங்குவார். அவர் சொன்னதற்கு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. வார்டன் வரட்டும், விட்டத்தைக் காட்டுகிறேன், மாடியைப் பூட்டிச் சாவியை என் கையில் வாங்குகிறேன் என்று மூத்தவள் நாள் பார்க்கத் தொடங்கினாள்.

அதுவரைக்கும் கணவர் கண்ணில் படக் கூடாதே! பழைய திரைச்சீலை இரண்டை ஒட்டுப்போட்டு, விளிம்பில் கொசுவம் வைத்து, சுவருக்குச் சுவர் விட்டத்துக்குக் கீழே கட்டிவிட்டாள்.

"எதுக்கு இது?" என்று அண்ணாந்து பார்த்துக் கேட்டார் டிரைவர்.

"வெள்ளைத் துணியெல்லாம் தைக்கிறேன். தூசி விழுதுங்க."

"நல்லாத்தான் இருக்கு. கல்யாண வீடு மாதிரி" என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸைப் பார்க்கப் போய்விட்டார்.

அதன் பிறகு தினமும் காலையில் அவர் கிளம்பியதும், மூத்தவள் ஸ்டூலைப் போட்டு ஏறித் துணியை விலக்கிப் பார்ப்பாள். திட்டு தட்டளவு ஆனது. தட்டு தாம்பாளம் ஆனது. நடுவில் ஒரு கீறல் ஓடியது. காரை உப்பியது. ஓரிரண்டு சில்லுகள் உதிர்ந்து துணியில் தங்கின. இளையவளின் ரோஜாவை விட இது வேகமாக வளர்கிறது என்று நினைத்து அவள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். அறையில் ஈர வாடை வந்தது. ஊதுவத்தி ஏற்றினாள். தைத்த துணி சில்லிட்டது. விளக்கைப் பக்கத்தில் வைத்துக் காயவைத்தாள். ஆனால் நாற்காலியை மட்டும் அவள் நகர்த்தவில்லை. வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழும்.

ஒரு நாள் இளையவள் படியிறங்கி வந்தாள். கையில் ஒரு ரோஜா.

"புதுசா வெச்ச செடியோட முதல் பூக்கா. உங்க அறையில வெச்சுக்கங்க."

கொடுக்கிறாளாம் பூ, பெரிய மகாராணி என்று நினைத்தபடி மூத்தவள் அதை வாங்கி நூல்கண்டு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். இளையவள் போகவில்லை. மேலே கட்டியிருந்த துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இந்த மழையில கீழ எதுவும்..."

"எதுவும் என்ன?"

"ஒண்ணுமில்லக்கா. துணி அழகா இருக்கு."

அவள் போய்விட்டாள். இருவரில் ஒருவர் வாய் திறந்திருந்தாலும் விஷயம் அன்றே முடிந்திருக்கும். மூத்தவளுக்கும் ஒரு நொடி நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் மேலே நாற்காலி இழுபட்டது. வந்தது அப்படியே உள்ளே போய்விட்டது.

வார்டன் வந்து சேர்ந்தார். பெட்டியை இறக்கி, முகம் கழுவி, டீ குடித்து முடிக்கும் வரை மூத்தவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "எல்லாரும் ஒரு நிமிஷம் தையல் ரூமுக்கு வாங்க" என்று அழைத்தாள். மேலேயிருந்து தம்பியும் இளையவளும் இறங்கி வந்தார்கள். வாடிக்கைக்காரிகள் உட்காரும் பெஞ்சில், கதவோரமாக, வார்டன் உட்கார்ந்தார். டிரைவர் ஒன்றும் புரியாமல் நின்றார்.

"அண்ணி, நான் வாயைத் திறந்து யாரைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். உங்க கண்ணாலயே பாருங்க" என்று சொல்லி மூத்தவள் சுவரோரம் போய் முடிச்சை அவிழ்த்தாள்.

துணி சரிந்தது. முதலில் ஒரு செம்பு பழுப்புத் தண்ணீர் கொட்டியது. பிறகு கைப்பிடி கைப்பிடியாகக் காரைச் சில்லு. விட்டத்தில் கறுத்துப் பாசி படிந்த ஒரு பெரிய வட்டம் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. அவள் மனத்துக்குள் ஒத்திகை பார்த்த மாதிரியே எல்லாம் நடந்தது. "பாத்தீங்களா?" என்று கையை உயர்த்தி, பேசி வைத்திருந்த பேச்சைத் தொடங்கினாள்.

அப்போது மேலே ஏதோ முறிவதுபோல் ஒரு சத்தம். துணி வெட்டும் பலகை அகலத்துக்குக் காரை அப்படியே பெயர்ந்து விழுந்தது. விழுந்த இடம் அவளுடைய நாற்காலி. சாய்மானம் இரண்டாக முறிந்தது. தையல் இயந்திரத்தின் சக்கரம் வளைந்தது. தூசி அடங்கியபோது, பெயர்ந்த இடத்தில் துருப்பிடித்த கம்பிகள் விலா எலும்பு மாதிரி துருத்திக்கொண்டு நின்றன.

டிரைவர்தான் பாய்ந்து வந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தார். "உனக்கு ஒண்ணும் ஆகலையே? எங்கயாவது பட்டுச்சா?" அவள் இல்லையென்று தலையசைத்தாள். "எப்பலேருந்து இது இப்படி இருக்கு?"

பயத்தில் அவள் வாயில் உண்மை வந்துவிட்டது. "மழை ஆரம்பிச்சதிலேருந்தே. மேல தொட்டித் தண்ணி..."

"மழை ஆரம்பிச்சதிலேருந்தேவா?" என்று வார்டன் மெதுவாகக் கேட்டார். சுவரேறிக் குதித்துவிட்டுத் தலைவலி என்று படுத்திருந்த எத்தனையோ பெண்களை விசாரித்த குரல் அது. "அப்புறம் துணி எதுக்குக் கட்டின?"

"தூசிக்கு."

"தூசிக்கா, எங்க கண்ணுக்கா?"

அதற்குள் தம்பி மாடிக்கு ஓடியிருந்தான். மேலேயிருந்து அவன் கத்துவது கேட்டது. "அண்ணா! இங்க கணுக்கால் தண்ணி நிக்குது! துவாரத்துல ஒரு இலைகூட இல்ல. ஆனா தண்ணி இறங்கவே மாட்டேங்குது!"

அப்போதுதான் மூத்தவளுக்கு நினைவு வந்தது. கீழே அடைத்த கையும் அவளுடையதுதான், மேலே ஒழுகுவதைப் பார்த்துக் குதூகலித்த கண்ணும் அவளுடையதுதான். இத்தனை நாளும் இரண்டையும் அவள் சேர்த்து நினைக்கவே இல்லை. பொறாமை அவளை நினைக்க விடவில்லை.

டிரைவர் ஒரு கொக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். "விடுங்க, மேஸ்திரியக் கூப்பிட்டுக்கலாம்" என்று அவள் பின்னாலேயே ஓடினாள். அவர் கம்பியை விட்டு இழுத்தார். நீலக் கட்டம் போட்ட துணி வந்தது. இன்னொரு இழுப்பு, இன்னொரு துணி. பாசியேறி, மண்ணேறி, ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. கடைசித் துண்டு வந்ததும், அடைபட்டிருந்த தண்ணீர் மொத்தமும் பீறிட்டு வந்து, எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வார்டனின் கால் செருப்பை நனைத்துக்கொண்டு தெருவுக்குப் போனது.

அந்தத் துணி அந்தத் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் உண்டு. டிரைவர் ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் நீ அந்த நாற்காலியிலதான உக்காந்திருப்ப" என்றார்.

இனி இளையவளின் முறை, பிலுபிலுவென்று பிடித்துக்கொள்ளப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளோ மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்து அழுதாள்.

"தண்ணி நிக்குதுன்னு எனக்குத் தெரியும்கா. சொன்னா தொட்டியெல்லாம் எடுக்கச் சொல்லுவீங்கன்னு சொல்லல. இவருக்குத் தெரியாம மக்கால அள்ளி அள்ளி வெளிய ஊத்தினேன். நாற்காலி இழுத்து இழுத்து மேல இருந்த வாட்டர்ப்ரூஃப் பூச்சு உரிஞ்சதும் தெரியும். கீழதான ஒழுகும், ஒழுகினா அவங்க வந்து கேக்கட்டும்னு இருந்துட்டேன்."

"நான் உனக்கு அப்படி என்ன செஞ்சேன்?" என்றாள் மூத்தவள். கேட்ட பிறகு, கணவர் கையிலிருந்த நீலத்துணி கண்ணில் பட்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்கமேல பொறாமைக்கா. உங்களைத் தேடி தினம் நாலு பேர் வர்றாங்க. கையில ஒரு தொழில் இருக்கு. தெருவே அக்கா அக்கான்னு கூப்பிடுது. மேல என்னைத் தேடி யார் வர்றா? அதனாலதான் சத்தமா நாற்காலி இழுப்பேன். உங்களுக்குக் கேக்கணும்னே சிரிப்பேன்."

மூத்தவள் அவளை வாய் பிளந்து பார்த்தாள். தான் வயிறெரிந்து கேட்ட சிரிப்பெல்லாம் இன்னொரு வயிற்றெரிச்சலா! வெட்கமும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. படியில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

வார்டன் ஈரச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "மேல இருக்கிறவ அதைத் தன் தரைன்னு மட்டும் நெனச்சா. கீழ இருக்கிறவ அதை அடுத்தவ மாடின்னு மட்டும் நெனச்சா. ரெண்டு வீட்டுக்கும் அதுதான் கூரைன்னு நெனைக்க இங்க ஒரு ஆள் இல்ல" என்றார். "யாரும் எதையும் பூட்ட வேண்டாம். இனிமே அந்த மாடி ரெண்டு பேர் பொறுப்பு."

வெயில் வந்து தளம் காய்ந்ததும் வேலை தொடங்கியது. மேஸ்திரி வந்து, பெயர்ந்த காரையைக் கொத்தி எடுத்து, கம்பியின் துருவைச் சுரண்டி, கீழே விட்டத்தைப் பூசினார். மேலே தண்ணீர் தேங்காமல் துவாரத்தை நோக்கி ஓடும்படி வாட்டம் சரிசெய்தார். தரையும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில் வலைத்துணி ஒட்டி, தரை முழுக்கவும் சுவரில் ஒரு சாண் உயரம் வரையும் நீர்க்காப்புப் பூச்சு பூசினார். தொட்டிகளைச் சகோதரர் இருவரும் கால் வைத்த பலகைகள் மேல் தூக்கி வைத்தார்கள், அடியில் ஈரம் தங்காமல் இருக்க.

பூச்சு காய்ந்த பிறகு ஒரு சோதனை பாக்கி இருந்தது. துவாரத்தை அடைத்து, மாடி முழுக்கத் தண்ணீர் தேக்கி, ஒரு நாள் விட்டுவிட்டுக் கீழே கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

"அடைக்க ஏதாவது துணி வேணுமே" என்றான் தம்பி.

இளையவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அக்காவைக் கேளுங்க. அவங்க அடைச்சா சொட்டுத் தண்ணி போகாது" என்றாள்.

டிரைவர்தான் முதலில் சிரித்தார். மூத்தவள் சிவந்த முகத்தோடு கீழே போய், அதே நீலக் கட்டத் துணியைக் கொண்டுவந்து, முழங்காலிட்டுத் தன் கையாலேயே அடைத்தாள். மறுநாள் விட்டம் சுக்காகக் காய்ந்திருந்தது. அடைத்தவளே எடுக்கட்டும் என்று வார்டன் சொல்ல, அவளே துணியை உருவினாள். தண்ணீர் சுழித்துக்கொண்டு, டிரைவர் கடைசியில் வெட்டியே விட்ட வாய்க்கால் வழியாகப் போனது. மிஞ்சிய துணியில் நாற்காலிக் கால்களுக்கு அவள் பஞ்சு வைத்து உறை தைத்துப் போட்டாள். இப்போது யார் இழுத்தாலும் பூச்சு கீறுவதில்லை, சத்தமும் கேட்பதில்லை. மேலே நாற்காலியும் மூன்றாகிவிட்டது.

அடுத்த மழைக்கு முன்பு ஒரு நாள், மூக்குக்கண்ணாடிப் பெண் மறுபடி அளவு கொடுக்க வந்தாள். பேச்சு வாக்கில் சொன்னாள்.

"எங்க ஃபிளாட்லயும் மேல்வீட்டுக்காரி பால்கனி ஒழுகுதுக்கா. நான் வாயே திறக்கல. நல்லா ஒழுகட்டும், போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். சங்கக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் காட்டி அவ மானத்தை வாங்குறேன் பாருங்க."

மூத்தவள் அளவு நாடாவைக் கீழே வைத்தாள். விட்டத்தில் புதுப் பூச்சு மட்டும் வேறு நிறத்தில் தெரிந்த இடத்தைக் காட்டினாள்.

"அங்க பாரு. அது என் தலைமேல விழ இருந்தது. நானும் உன்னை மாதிரிதான் வளரட்டும் வளரட்டும்னு காத்திருந்தேன். இன்னிக்கே போய் அவகிட்ட சொல்லிடு. கூட நின்னு சரிபண்ணு. அடுத்தவ சந்தோஷத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டு அவ வழியை அடைச்சோம்னா, அந்தத் தண்ணி அவ வீட்டுக்குள்ள போகாதும்மா. நம்ம கூரையத்தான் ஒடைக்கும்."

அந்தப் பெண் அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள். பிறகு, "சரிக்கா, போன உடனே சொல்றேன்" என்றாள்.

மூத்தவள் நாடாவை எடுத்து அளந்தாள். இந்த முறை இடுப்பில் ஒரு விரல் தாராளமாகவே விட்டாள்.